அறுநூறு மில்லியும் ஸ்ரீரங்கப்பட்டணமும்

பத்தொன்பது வருடம் நான் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். இடமிருந்து வலமாக ஒரு காவிரி. அது ஓர் இடத்தில் இரண்டாகப் பிரிந்து, கொஞ்ச தூரம் தனித்தனியாக ஓடி, மறுபடி ஒன்றாகும். நடுவில் மீன் வடிவத்தில் ஒரு தீவு. தீவின் மேற்கு முனையில் கோட்டை, கோட்டை மேல் ஓர் அம்புக்குறி. எதிரி உள்ளே நுழைந்த இடம் அது. இதைப் புத்தகம் பார்க்காமல் வரைவேன். ஆனால் அந்த ஊரை நான் பார்த்ததில்லை. எங்கள் சேலத்திலிருந்து மேட்டூர் வழியாகப் போனால் இருநூற்றைம்பது கிலோமீட்டருக்குள்தான்.

ஒரு முறை போக இருந்தேன். கன்னியாஸ்திரீகள் நடத்தும் எங்கள் பள்ளியில் சுற்றுலா என்றாலே ஊட்டிதான். அந்த வருடம் நான் விடாப்பிடியாக நின்று தலைமையாசிரியைச் சகோதரியிடம் மைசூருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் சம்மதம் வாங்கினேன். பெற்றோர் கையெழுத்துப் போட்ட படிவங்கள்கூட வந்துவிட்டன. கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது என் முகம் வீங்கியது. சாப்பிட்டதெல்லாம் வாந்தியானது. ரத்தப் பரிசோதனை செய்த மருத்துவர் என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்துப் பேசினார். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. பிள்ளைகள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறங்கிய நாளில் நான் கழுத்தில் குழாய் செருகிய நிலையில் டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருந்தேன்.

அது நடந்து இரண்டரை வருடம் ஆகியிருந்தது. செவ்வாய், வியாழன், சனி. காலை ஆறு மணிக்குக் கட்டிலில் இருக்க வேண்டும். நான்கு மணி நேரம் இயந்திரம் ரத்தத்தை எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும். இரண்டு பெரிய ஊசி குத்துவார்கள். அந்த வலி பழகிவிடும். பழகாதது தாகம். குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லாததால் உடம்பிலேயே தங்கிவிடும். அதிகமானால் நுரையீரலில் ஏறும். எனக்கு ஒரு நாளைக்கு அறுநூறு மில்லி அளவு வைத்திருந்தார்கள். காபி, ரசம், மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். என் கணவர் ஒரு பாட்டிலில் மார்க்கரால் ஆறு கோடு போட்டுக் கொடுத்திருந்தார். ஒரு கோடு நூறு மில்லி. எனக்கு அந்தப் பாட்டில்தான் கடிகாரம்.

வேலையை விட்டுவிட்டேன். கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீடு. கீழே அவருடைய மோட்டார் காயில் கட்டும் கடை, மேலே நான். மருத்துவமனை, ஞாயிற்றுக்கிழமை பூசை, இரண்டைத் தவிர வெளியே போவதில்லை. யாரும் தடுக்கவில்லை. எனக்கே துணிச்சல் போய்விட்டது.

பக்கத்துக் கட்டிலுக்கு ஓர் அண்ணன் வந்து சேர்ந்தார். அறுபது தாண்டியவர், நாமக்கல் பக்கத்து விவசாயக் குடும்பம், முப்பது வருடம் லாரி ஓட்டியவர். சிகிச்சைக்காக மகள் வீட்டில் சேலத்தில் தங்கியிருந்தார். முதல் நாளே, ஊசி குத்திய கையோடு என் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஏனுங் டீச்சரம்மா, நீங்க என்ன பாடமுங்க எடுத்தீங்க?"

"சோஷியல்ங்கண்ணா."

"அப்ப ராசா கதையெல்லாம் தெரியுமுங்களா?"

நான்கு மணி நேரம் போக வேண்டுமே. வாரத்துக்கு மூன்று கதையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வந்தபோது அவர் தலையைத் தூக்கினார்.

"சீரங்கப்பட்டணமா? அந்தப் பாலத்து மேல எத்தனை நடை போயிருக்கறனுங்க! மைசூருல பாதி முட்டை லோடு எறக்கிப்போட்டு, மிச்சத்த மண்டியாவுக்குக் கொண்டுபோவோணும். கோட்டைச் செவுரு ரோட்டுலயே தெரியும். ஒருக்கா கூட வண்டிய நிறுத்துனதில்லீங்க. முட்டை லோடு பாருங்க, வெயில்ல நிக்கக் கூடாது."

"நான் பாடமா நடத்தியிருக்கேன், பாத்ததில்ல. நீங்க பாத்துட்டே போயிருக்கீங்க, இறங்கினதில்ல."

அவர் இயந்திரத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "போலாமுங்களா?" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"வியாழனுக்கும் சனிக்கும் நடுவால ஒரு வெள்ளிக்கெழமை இருக்குதல்லங்க? அந்த நாளு நம்முளுதுதானுங்களே?"

அந்தக் கேள்வி ஒரு மாதம் என்னை விடவில்லை. கணவரிடம் சொன்னபோது, "உனக்கென்ன பைத்தியமா? வழியில மூச்சு வாங்கினா காட்டுக்குள்ள யாரைக் கூப்பிடறது?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஒரு முறை நள்ளிரவில் எனக்கு மூச்சுத் திணறியபோது என்னைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கியவர் அவர். ஆனால் நான் மருத்துவரிடம் கேட்டுவிட்டேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்.

"போங்க. வெள்ளிக்கிழமையே போங்க, ஞாயிறு வேண்டாம். மறுநாள் டயாலிசிஸ் இருக்கணும். அறுநூறுக்கு மேல ஒரு சொட்டு கூடாது. இளநீர், வாழைப்பழம் பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது. பொட்டாசியம் ஏறினா இதயம் நின்னுடும், தெரியும்ல? சனிக்கிழமை ஆறு மணிக்கு ரெண்டு பேரும் எடை மெஷின் மேல நிக்கணும்."

என் கணவர் அன்றிரவு பாட்டிலில் அழிந்துபோயிருந்த கோடுகளை மறுபடி போட்டார். அதுதான் அவர் சம்மதித்த விதம்.

மாசிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, விடிய வெகுநேரம் இருக்கும்போதே கிளம்பினோம். அண்ணனின் மகள்தான் வண்டி ஓட்டினாள். முப்பத்தைந்து வயது இருக்கும், லாரிக்காரர் மகள் என்பது ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற விதத்திலேயே தெரியும். அண்ணன் முன்னால், நாங்கள் இருவரும் பின்னால். அண்ணன் மடியில் ஒரு தூக்குப்போசி இருந்தது. திறந்து காட்டினார். பத்துப் பன்னிரண்டு அவித்த முட்டை, எல்லாவற்றிலும் மஞ்சள் கரு எடுத்திருந்தது. எங்களுக்கு வெள்ளைக்கரு மட்டும்தான் மருந்து மாதிரி தருவார்கள்.

"தவக்காலத்து வெள்ளிங்கண்ணா, கறி ஆகாது. முட்டை பரவாயில்ல" என்றேன்.

"எங்கூர்ல வெளையறதுங்க இது. எந்த நாளும் ஆகும்."

"மஞ்சக்கரு பூராத்தையும் எனக்கே குடுத்துப்போட்டாருங்கக்கா. காத்தால மூணு மணிக்கு பத்து மஞ்சக்கரு திங்க முடியுங்களா?" என்றாள் மகள்.

மேட்டூர் தாண்டி, கொளத்தூர் தாண்டி, பாலாற்றுச் சோதனைச்சாவடியில் மாநில எல்லை வந்தபோது வெளிச்சம் பரவத் தொடங்கியிருந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் தமிழ்ப் பலகை, அந்தப் பக்கம் கன்னடப் பலகை. காவலர் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டுக் கையசைத்தார். இரண்டரை வருடம் ஒரு மாடிக்கும் ஒரு கட்டிலுக்கும் நடுவில் போய்வந்த நான், இன்னொரு மாநிலத்துக்குள் இருந்தேன். கணவரின் கையைக் கிள்ளினேன். அவர் என் கால் வீங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதேஸ்வரன் மலை ஏற்றம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வண்டி நின்றது. முன்னால் ஐந்தாறு வண்டிகள். அதற்கு முன்னால் ஒரு கொண்டை ஊசி வளைவில், கரும்பு ஏற்றிக் கீழே இறங்கிய ஒரு நீளமான லாரி சிக்கிக்கொண்டு நின்றது. பின்பக்கம் மலைப் பாறைக்கு ஒரு முழ தூரத்தில். முன் சக்கரம் தடுப்புச் சுவருக்கு ஒரு சாண் தூரத்தில். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. இருபுறமும் வண்டிகள் சேர்ந்துகொண்டே போயின. கரும்பு வாசத்துக்கு யானை வந்துவிடும் என்று யாரோ சொல்ல, பேருந்திலிருந்து இறங்கியவர்கள் மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

முக்கால் மணி நேரம் போனது. நான் இரண்டு கோடு தண்ணீர் குடித்துவிட்டேன். ஆளுக்கு ஆள் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். லாரி ஓட்டுநர், நாற்பது வயதுக்காரர், வியர்வையில் நனைந்து யாருடைய பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் இருந்தார். அண்ணன் கதவைத் திறந்தார்.

"ஏனுங்ப்பா, எங்க போறீங்க? நேத்துத்தான் மெஷின்ல இருந்து எறங்குனீங்க!" என்றாள் மகள்.

"சும்மா பாத்துப்போட்டு வாரேன் சாமி."

துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மெதுவாக மேலே நடந்தார். லாரியைச் சுற்றி ஒரு முறை வந்தார். ஒவ்வொரு சக்கரத்தையும் குனிந்து பார்த்தார். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பெரிய கற்களை எடுத்துவரச் சொன்னார். பிறகு ஓட்டுநருக்கு முகம் தெரிகிற இடத்தில் வந்து நின்று வலது கையை உயர்த்தினார். மற்றவர்கள் பேச்சு நின்றுவிட்டது.

"ஹிந்தே பன்னி! நிதானா, நிதானா… பன்னி, பன்னி… நில்சி!"

நான் மகளைப் பார்த்தேன். "கன்னடத்துல ஹிந்தேன்னா பின்னால, பன்னின்னா 'வாங்க'ன்னு அர்த்தமுங்கக்கா. மரியாதையாத்தான் கூப்படறாரு" என்றாள்.

அரை அடி பின்னால். சக்கரத்துக்குக் கல். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து அரை அடி முன்னால். மறுபடி கல். கை விரல் அசைவிலேயே அவ்வளவு பெரிய லாரியை அவர் நகர்த்தினார். கால் மணி நேரத்துக்கும் மேல் ஆனது. ஒரு முறைகூடக் குரலை உயர்த்தவில்லை. கடைசியில் லாரியின் முகம் சரிவைப் பார்த்துத் திரும்பியபோது, மலை முழுக்க வண்டிகளின் ஹாரன் ஒலித்தது. பேருந்தில் இருந்தவர்கள் சன்னல் வழியாகக் கைதட்டினார்கள். லாரிக்காரர் குதித்து இறங்கி ஓடிவந்து அண்ணனின் இடது கையைப் பிடிக்கப் போனார்.

"அந்தக் கை வேண்டாமுங்கோ!" என்று மகள் கத்தினாள். இடது கையில்தான் அவருக்கு டயாலிசிஸ் ஊசி குத்துகிற நரம்பு. லாரிக்காரர் அண்ணனின் வலது கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நல்ல நீளக் கரும்பாக இரண்டை உருவிக் கொடுத்தார். எங்கள் இருவருக்கும் கரும்பு ஆகாது. ஆனால் அண்ணன் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. சன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, கொள்ளேகால் வரைக்கும் செங்கோல் மாதிரி பிடித்துவந்தார்.

மலை மேல் கடைகளுக்கு முன்னால் வண்டியை நிறுத்தியபோது என் கணவர் மணியைப் பார்த்தார். எட்டே காலைத் தாண்டியிருந்தது.

"ஒன்றரை மணி நேரம் போயிடுச்சு. இனி போய்ச் சேர பதினொன்றரை ஆகும். திரும்பறப்ப இதே மாதிரி மாட்டினா காலையில ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போறது? இவ்வளவு தூரம் வந்ததே போதும். கோயிலைப் பாத்துட்டுத் திரும்பிடலாம்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அண்ணன் என்னைப் பார்த்தார். "டீச்சரம்மா சொல்றதுதானுங்க" என்றார்.

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பாட்டிலைத் தொடவில்லை. கணவரிடம் சொன்னேன்.

"இன்னைக்கு நான் திரும்பினா, இனிமே எங்கேயும் கிளம்ப மாட்டேன். உங்களுக்கும் தெரியும் அது. மூச்சு வாங்கினா நானே சொல்றேன். பொய் சொல்ல மாட்டேன்."

அவர் இன்னொரு முறை குனிந்து என் காலைப் பார்த்தார். பிறகு முன் இருக்கையைத் தட்டி, "எடும்மா வண்டிய. கொள்ளேகால் ரோடு" என்றார்.

பன்னூர் வழியாக வயல்களுக்கு நடுவே போனோம். கரும்பு, நெல், வாய்க்கால். பதினொன்றரைக்கு அந்த ஊரின் பெயர்ப் பலகை வந்தது. எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. ஆனால் பலகைக்குப் பின்னால் தண்ணீர் தெரிந்தது, தண்ணீருக்குப் பின்னால் கல் சுவர் தெரிந்தது. நான் சத்தமாகவே சொன்னேன்: "இதுதான் தெற்குக் கிளை. இப்ப தீவுக்குள்ள போறோம்."

கோட்டையின் ஆற்றோர மதிலுக்கு நடந்தோம். மதில் சில இடங்களில் இடிந்து செடி முளைத்துக் கிடந்தது. கீழே காவிரி, மாசி மாத வெயிலில் பாறைகள் பாதி தெரிய, பல கால்வாய்களாகப் பிரிந்து ஓடிக்கொண்டிருந்தது. நான் எவ்வளவு அகலமாக நினைத்திருந்தேனோ அதைவிட அகலம்; எவ்வளவு ஆழமாக நினைத்திருந்தேனோ அவ்வளவு ஆழமில்லை.

"எதுல பூந்தானுங்க வெள்ளைக்காரன்?" என்றார் அண்ணன்.

ஆரம்பித்தேன். இந்த ஆறுதான் கோட்டைக்கு முதல் மதில். மழை இறங்கி ஆறு நிறைந்துவிட்டால் எந்தப் படையாலும் கடக்க முடியாது. அதனால் சித்திரை முடிவதற்குள், தண்ணீர் வற்றிக் கிடக்கும்போதே வந்துவிட்டார்கள். அந்தக் கரையில் பீரங்கி வைத்து ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அடித்தார்கள். மதிலில் ஓட்டை விழுந்தது. மறுநாள் உச்சி வெயிலில், உள்ளே இருப்பவர்கள் சாப்பிட உட்காருகிற நேரம் பார்த்து, பதுங்கு குழியிலிருந்து எழுந்து ஆற்றில் இறங்கினார்கள். பாறையும் வழுக்கலுமாக, சில இடத்தில் முழங்கால், சில இடத்தில் இடுப்பு. கொஞ்ச நேரத்தில் இக்கரை ஏறிவிட்டார்கள்.

கையை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் குரல் எனக்கே கேட்டது. இரண்டரை வருடமாக இவ்வளவு பெரிய குரலில் நான் பேசியதில்லை. பின்னால் ஏதோ சலசலப்பு. திரும்பினால் முப்பது நாற்பது பிள்ளைகள், சீருடையில். நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளி ஒன்றிலிருந்து சுற்றுலா வந்தவர்கள். தமிழ்க் குரல் கேட்டு ஒவ்வொருவராக நின்றிருக்கிறார்கள். அவர்களுடைய ஆசிரியர், இளைஞர், "வாங்க வாங்க, டைம் ஆச்சு" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். வந்தவரும் நின்றுவிட்டார்.

"மேடம், அந்த ஓட்டை எங்கன்னு எங்க கைடு சரியா சொல்லல. நீங்க சொல்லுங்க, நாங்க கேக்கறோம்" என்றார்.

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். ஒரு குச்சியை எடுத்துப் புழுதியில் ஆற்றை வரைந்தேன், தீவை வரைந்தேன். முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி கையைத் தூக்கினாள்.

"மிஸ், ராஜா ஏன் தப்பிச்சு ஓடல?"

மிஸ். அந்தச் சொல்லைக் கேட்டதும் குச்சியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் குனிந்தேன்.

"ஓட வழி இருந்துச்சும்மா. ஆனா அவர் சண்டை நடக்கிற இடத்துக்குத்தான் போனாரு. வாசல் பக்கம் கூட்டத்துல விழுந்துட்டாரு. ஏன் போனாருன்னு ஆளாளுக்கு ஒரு காரணம் எழுதியிருக்காங்க. அவரை யாரும் கேக்க முடியலையே. நீ என்ன நினைக்கிற?"

சிறுமி யோசித்தாள். "ஊர்க்காரங்க எல்லாம் உள்ள இருந்தாங்கல்ல மிஸ்? அதனால இருக்கும்."

"பத்தொன்பது வருஷத்துல யாரும் எனக்கு இந்தப் பதிலைச் சொல்லல" என்றேன். அது உண்மை.

அரை மணி நேரத்துக்கு மேல் நின்றபடியே பேசியிருந்தேன் என்று கணவர் பிறகு சொன்னார். அந்த அரை மணியும் அவர் எனக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் உட்காரவில்லை. பிள்ளைகள் "தேங்க் யூ மிஸ்" என்று ஒரே குரலில் இழுத்துச் சொல்லிவிட்டுப் போனபோது பாட்டிலை வாங்கி நான்காவது கோடு வரைக்கும் குடித்தேன். அவ்வளவு ருசியான தண்ணீரை நான் அதற்கு முன் குடித்ததில்லை.

அடுத்து சங்கமம். இரண்டு கிளையும் மறுபடி ஒன்று சேருகிற முனை. படித்துறையில் கூட்டம் அதிகமில்லை. மர நிழலில் இளநீர் குவித்து வைத்திருந்தார்கள். அண்ணன் அதற்கு முன்னால் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"அப்பா!"

"பாக்கறதுக்கு டாக்டரு ஒண்ணுஞ் சொல்லுலியே சாமி."

சொல்லியிருந்தார். இருந்தாலும் விட்டுவிட்டோம். அவர் ஒவ்வொரு காயாகக் கண்ணாலேயே குடித்து முடித்துவிட்டு வந்தார்.

நான் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினேன். இறங்கப் போகிறேன் என்று கணவருக்குப் புரிந்தது. எதிர்பார்த்து வந்திருக்கிறார் போல. பையிலிருந்து பிளாஸ்டிக் உறையும் ஒட்டும் பட்டையும் எடுத்தார். முந்தின நாள் ஊசி குத்திய என் இடது கையை முழங்கை வரை சுற்றிக் கட்டினார். அந்த நரம்பைத் தொட்டால் உள்ளே ஒரு பூனை உறுமுவது மாதிரி அதிர்வு இருக்கும். அது இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார். வழக்கம்போல இருந்தது.

"இந்தக் கை தண்ணிக்கு மேலயே இருக்கணும்."

இடது கையைத் தூக்கிக்கொண்டு, பதில் தெரிந்த பிள்ளை மாதிரி, ஒவ்வொரு படியாக இறங்கினேன். அவரும் பேண்டை மடித்துவிட்டுக் கூடவே இறங்கி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். கணுக்கால், முழங்கால், இடுப்பு. குளிர்ந்த தண்ணீர் என்னைச் சுற்றிப் போனது. இரண்டரை வருடமாகக் கோடு போட்டு அளந்தே நான் தண்ணீரைப் பார்த்திருக்கிறேன். இங்கே அளவே இல்லை. வலது கையால் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டேன். உதட்டை இறுக மூடிக்கொண்டு தலையை முழுக்கினேன். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. எழுந்தபோது உதட்டோரம் வழிந்ததைக்கூட நக்கவில்லை. புறங்கையால் துடைத்தேன். அப்படித் துடைத்தபோது எனக்கு வந்த பெருமிதத்தை எப்படிச் சொல்வது? ஒரு ஆறு முழுக்க முன்னால் ஓடுகிறது, எனக்கு உயிர் போகிற தாகம், நான் குடிக்கவில்லை. யாருடைய கட்டாயத்திலும் இல்லை. நாளைக்கும் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். கணவர் சட்டை நெஞ்சு வரை நனைந்திருந்தது. என் கையைத் தூக்கிப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். நோய் வந்ததிலிருந்து அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"என்ன சிரிப்பு?"

"மோட்சத்துக்குப் போறவ மாதிரி நிக்கிற, கையில பிளாஸ்டிக் கவரோட."

அண்ணனுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. மண்டியா போகிற மெயின் ரோட்டுப் பாலத்தில் இறங்க வேண்டும். மகள் பாலத்துக்கு முன்பே வண்டியை ஓரம் கட்டினாள். நான்கு பேரும் நடந்தோம். பெரிய வண்டிகள் பக்கத்தில் போகும்போது பாலம் அதிர்ந்தது. நடுப்பாலத்தில் அண்ணன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் பழைய கல் பாலம், கோட்டை மதில், கோபுரம், கீழே ஆறு.

"எப்படீங்கண்ணா இருக்கு?" என்றேன்.

"பெருசா இருக்குதுங்க. வண்டியில இருந்து பாக்கறப்ப எல்லாம் சிறுசா ஓடிப்போவும். இத்தன வருசம் இத பாக்காம போயிருக்கறேன் பாருங்க." பிறகு ஆற்றைக் காட்டி, "இந்தத் தண்ணிதானுங்களே நம்ம மேட்டூருக்கு வருது? நமக்கு முந்திக்கிட்டு வந்தாலும் வரும்" என்றார். பக்கத்தில் போன ஒரு தமிழ்நாட்டு லாரி அவரைப் பார்த்து ஹாரன் அடித்தது. ஓட்டுநர் அவருக்குத் தெரிந்தவரா என்று கேட்டேன். "தெரியாதுங்க. துண்டு கட்டுனதப் பாத்தாவே தெரிஞ்சுக்குவாங்க" என்றார்.

மூன்றரைக்குத் திரும்பினோம். மலை இறக்கத்தில் ஒரு வண்டியும் சிக்கவில்லை. பாலாற்றைக் கடந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கடைசிக் கோட்டுத் தண்ணீரை மேட்டூர் தாண்டித்தான் குடித்தேன். ஒன்பதரை மணிக்கு வீட்டு வாசலில் இறங்கியபோது என் கால் வீங்கியிருக்கவில்லை. கணவர் டார்ச் அடித்துப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

மறுநாள் காலை ஐந்து ஐம்பதுக்கு நாங்கள் இருவரும் எடை மெஷினுக்கு முன்னால் வரிசையில் நின்றோம். டயாலிசிஸ் டெக்னீஷியன், தம்மம்பட்டிப் பெண், கண்டிப்பானவள். முந்தின டயாலிசிஸ் முடிந்தபோது இருந்த எடையைவிட எவ்வளவு கூடியிருக்கிறதோ அவ்வளவும் குடித்த கணக்கு. அவளிடம் பொய் சொல்ல முடியாது. நான் ஏறினேன். அவள் எண்ணைப் பார்த்தாள், குனிந்து மறுபடி பார்த்தாள்.

"ஒன்று புள்ளி இரண்டு கிலோ. மேடம், வீட்டுல இருக்கறப்பவே நீங்க இதைவிட அதிகமா ஏறிட்டு வருவீங்க!"

அண்ணன் ஏறினார். ஒன்று புள்ளி நான்கு. "கண்ணால குடிச்ச எளநியும் சேத்தித்தானுங்க அது" என்றார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் வார்டுக்குள்ளிருந்து கைதட்டல் கேட்டது. ஏற்கனவே ஊசி போட்டுப் படுத்திருந்தவர்கள் ஒரு கையால் கட்டில் கம்பியைத் தட்டினார்கள். ஆறாம் கட்டில் அம்மா, "வேளாங்கண்ணி வெள்ளிக்கிழமை ஒரே நாள்ல ஆகுமா டீச்சர்?" என்று அங்கிருந்தே கேட்டார். அன்று காலை நான்கு மணி நேரமும் நான் தூங்கினேன். அந்தக் கட்டிலில் அதற்கு முன் நான் தூங்கியதே இல்லை.

அடுத்த வாரம் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியைச் சகோதரியைப் பார்த்தேன். முழு நேரம் முடியாது, டயாலிசிஸ் இல்லாத நாள்களில் மட்டும் பாடம் எடுக்கலாமா என்று கேட்டேன். அவர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு நாற்காலிக்குத் திரும்பி கால அட்டவணையை எடுத்து விரித்தார்.

"செவ்வாய், வியாழன், சனி போனா, திங்கள், புதன், வெள்ளி. மூணு நாள் போட்டுடவா டீச்சர்?"

"திங்களும் புதனும் போடுங்க சிஸ்டர்" என்றேன். "வெள்ளிக்கிழமை எனக்கு வெளியில வேலை இருக்கு."